முட்டைக்குள் வளரும் குளவி

நுழையும்முன்

குளவி என்றவுடன் கொட்டும் கொடுக்கும் அதனால் எழும் வலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், குளவி இனங்களுள் பெரும்பாலானவை மனிதரைக் கொட்டுவதில்லை. அவற்றுள் பல, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுக்குச் சிறியவை; பிற பூச்சிகளின் முட்டைகளையோ புழுக்களையோ சார்ந்து வளர்பவை. உழவர்க்கு உற்ற துணையாக விளங்கும் அத்தகைய குளவிப் பேரினம் ஒன்றின் உடலமைப்பையும், அறிஞர்கள் அதனை வகைப்படுத்திய முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு கரிய முட்டை

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்துள்ள பகுதி கார்டன் ரீச். தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகமும், போர்க்கப்பல்களைக் கட்டும் தளமும் இங்கு உள்ளன. ஆற்றின் எதிர்க்கரையில், சிப்பூரில், 1787ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தாவரவியல் பூங்கா பரந்து விளங்குகிறது. பணியின் பொருட்டுத் தமிழர் எந்நகரில் குடியேறினும், வீட்டின் முன்றிலிலோ மாடத்திலோ கறிவேப்பிலைச் செடி ஒன்றை வளர்க்க விழைவர். இப்பாடத்தைத் தொடங்குவதற்கு அச்செடி ஒன்றே போதும்.

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இவற்றின் இளந்தளிர்களில் முட்டையிடும். ஒவ்வொரு முட்டையும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமுடையது, வெளிர்மஞ்சள் நிறமுடையது, உருண்டையானது. சில நாள்களில் அதிலிருந்து புழு வெளிவந்து தளிரைத் தின்னத் தொடங்கும். ஆனால், சில முட்டைகளிலிருந்து புழு வெளிவருவதேயில்லை. அவை முழுவதும் கருமையடைந்து, பல நாள்கள் அவ்வாறே இருக்கும். பின்னர் ஒரு நாள் அவற்றின் ஓட்டில் ஊசிமுனை போன்ற வட்டத் துளை தோன்றும். வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து மிகச் சிறிய குளவிகள் சில வெளிவரும். அவற்றின் பேரினப் பெயர் டிரைக்கோகிரம்மா.

ஒட்டுண்ணி வாழ்க்கை

பேனும் உண்ணியும் பிற உயிர்களின் குருதியை உறிஞ்சி வாழ்கின்றன; ஆயினும், தமக்கு உணவளிக்கும் உயிரை அவை பொதுவாகக் கொல்வதில்லை. டிரைக்கோகிரம்மாவின் வாழ்க்கை இதனின்று வேறுபட்டது. தாய்க்குளவி, அந்துப்பூச்சி அல்லது வண்ணத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. அதிலிருந்து தோன்றும் குளவிப்புழு, அம்முட்டையின் உட்பொருள் முழுவதையும் உண்டு வளர்கிறது. எனவே, ஓம்புயிரியின் முட்டை அழிந்தே தீரும். ஓம்புயிரியை அழித்து வளரும் இத்தகைய பூச்சிகள் ஒட்டுண்ணிகளுள் ஒரு தனிப்பிரிவாகும். அவற்றுள்ளும் முட்டைப் பருவத்தையே தாக்குவதால், டிரைக்கோகிரம்மா ‘முட்டை ஒட்டுண்ணி’ எனப்படுகிறது.

ஒட்டுண்ணியாக வாழ்வது புழுப்பருவத்தில் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது. வளர்ந்த குளவி தன்னுரிமையுடன் பறந்து திரியும், மலர்த்தேனைப் பருகும், சில நாள்களே வாழும்.

உடலமைப்பு

டிரைக்கோகிரம்மாவின் உடல் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே. உங்கள் அளவுகோலில் இரண்டு சிறு கோடுகளுக்கு இடைப்பட்ட 1 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு குளவிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிடலாம். இச்சிற்றுடலிலும் பிற பூச்சிகளுக்கு உரிய தலை, மார்பு, வயிறு என்னும் மூன்று பகுதிகளும், ஆறு கால்களும், நான்கு சிறகுகளும் முறையாக அமைந்துள்ளன.

தலை: தலையின் இருபுறமும் செந்நிறக் கூட்டுக்கண்கள் உள்ளன, உச்சியில் மூன்று தனிக்கண்கள் உள்ளன. வலிய தாடைகள், ஓம்புயிரி முட்டையின் ஓட்டைக் கடித்துத் துளையிட்டு வெளிவர உதவுகின்றன.

உணர்கொம்புகள்: இவை ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. பெண்ணின் உணர்கொம்பு நுனியில் பருத்து, கதாயுதம் போன்று தோன்றும். அதன் மயிர்கள் குட்டையானவை. ஆணின் உணர்கொம்பிலோ நீண்ட மயிர்கள் தூரிகைபோல் அடர்ந்திருக்கும்.

சிறகுகள்: முன்சிறகு அகன்றது, பின்சிறகு குறுகியது. இரண்டின் விளிம்புகளிலும் மெல்லிய மயிர்கள் வரிசையாக நீண்டுள்ளன. முன்சிறகின் பரப்பிலும் நுண்மயிர்கள் கோடுகோடாக அணிவகுத்துள்ளன. கிரேக்க மொழியில் ‘டிரைக்கோ’ என்பது மயிரையும், ‘கிரம்மா’ என்பது வரையப்பட்ட கோட்டையோ எழுத்தையோ குறிக்கும். சிறகில் மயிரால் வரைந்த கோடுகளை உடையது என்னும் பொருளில் இப்பேரினப் பெயர் அமைந்தது.

கால்கள்: எறும்பு, தேனீ, கொட்டும் குளவி ஆகியவற்றின் ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து கணுக்கள் உண்டு. டிரைக்கோகிரம்மாவின் பாதத்தில் மூன்று கணுக்களே உள்ளன. அது சார்ந்த குடும்பத்தை அடையாளம் காண உதவும் முதன்மைக் குறிப்பு இதுவே.

வயிறு: பெரிய குளவிகளுக்கு மார்பையும் வயிற்றையும் இணைக்கும் இடை, நூல்போல் ஒடுங்கியிருக்கும். டிரைக்கோகிரம்மாவில் அவ்வொடுக்கம் வெளிப்படையாகத் தோன்றாது. வயிறு மார்புடன் அகலமாக இணைந்திருக்கும். பெண்ணின் வயிற்றின் கீழ்ப்புறத்தில் முட்டையிடும் குழல் உள்ளது. கொட்டும் குளவிகளிலும் தேனீக்களிலும் இவ்வுறுப்பே கொடுக்காக மாறியுள்ளது. பெண் தேனீக்கள் மட்டும் கொட்டுவதற்கும் ஆண்தேனீக்கள் கொட்டாமைக்கும் காரணம் இதுவேயாகும்.

தெரிந்து தெளிவோம்

டிரைக்கோகிரம்மா சார்ந்த குடும்பத்திலேயே மெகாஃபிராக்மா என்னும் மற்றொரு பேரினம் உள்ளது. அதன் ஓரினம் 0.2 மில்லிமீட்டர் நீளமே உடையது; ஒற்றைச் செல் உயிரியான பாரமீசியத்தினும் சிறியது. தேனீயின் மூளையில் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்புச் செல்கள் உள்ளன. இக்குளவிக்கு ஏறத்தாழ 7,400 நரம்புச் செல்களே உள்ளன. வளர்ந்த குளவியில் அவற்றுட் பெரும்பாலானவை தம் உட்கருவையும் இழந்துவிடுகின்றன. அவ்வாறிருந்தும் அது பறக்கிறது. ஓம்புயிரியைத் தேடிக் காண்கிறது.

வாழ்க்கைச் சுழற்சி

முட்டை ஒன்றைக் கண்ட பெண்குளவி, உடனே அதனைத் துளைப்பதில்லை. முதலில் அதன்மீது ஏறி, உணர்கொம்புகளால் தட்டியவாறு அங்குமிங்கும் நடக்கிறது. இவ்வாறு நடந்தே முட்டையின் வளைவையும் பரப்பையும் அது கணிக்கிறது. சிறிய முட்டையாயின் ஒன்றிரண்டு முட்டைகளையும், பெரிய முட்டையாயின் பலவற்றையும் உள்ளே இடுகிறது. இடமும் உணவும் எத்தனை புழுக்களுக்குப் போதும் என்பதை இட்ட பின்னர் மாற்ற இயலாது. எனவே, முன்னரே அளந்தறிவது இன்றியமையாததாகிறது.

ஏறத்தாழ ஒரு நாளில் குளவிப்புழு தோன்றி உண்ணத் தொடங்குகிறது. மூன்று அல்லது நான்கு நாள்களில் ஓம்புயிரி முட்டையின் நிறம் கருமையாகிறது. பின்னர், புழு கூட்டுப்புழுவாகிறது. நம் நாட்டு வெப்பநிலையில், முட்டையிட்ட 8 முதல் 10 நாள்களுக்குள் வளர்ந்த குளவி ஓட்டைத் துளைத்து வெளிவருகிறது. முதலில் வெளிவருபவை ஆண்கள். அவை அங்கேயே காத்திருந்து, அடுத்து வரும் பெண்களுடன் இணைகின்றன.

இப்பேரினத்தில் கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும், கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் தோன்றுதல் பொதுவான முறை. எறும்பு, தேனீ ஆகியவற்றிலும் இம்முறையே உள்ளது. இச்செய்தியை நினைவிற் கொள்ளுங்கள். பின்வரும் பகுதியில் ஒரு சிக்கலைத் தீர்க்க இது பயன்படும்.

வகைப்பாட்டில் இதன் இடம்

உயிர்களைப் பெரும்பிரிவிலிருந்து சிறுபிரிவு நோக்கிப் படிப்படியாக வகைப்படுத்துவர். அம்முறையில், கரும்பு வயல்களில் பயன்படும் ஓர் இனத்தின் இடம் வருமாறு:

உலகம்: விலங்குகள்
தொகுதி: கணுக்காலிகள்
வகுப்பு: பூச்சிகள்
வரிசை: ஹைமனாப்டிரா (எறும்பு, தேனீ, குளவி ஆகியவை அடங்கியது)
பெருங்குடும்பம்: கால்சிடாய்டியா
குடும்பம்: டிரைக்கோகிரம்மாட்டிடே
பேரினம்: டிரைக்கோகிரம்மா
சிற்றினம்: கைலோனிஸ்

இப்பேரினத்தை 1833ஆம் ஆண்டில் பெயரிட்டு விளக்கியவர் இங்கிலாந்து நாட்டுப் பூச்சியியல் அறிஞர் வெஸ்ட்வுட். இன்று இப்பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன.

பெயர்ச் சிக்கல்

ஒரு பேரினத்தை அடையாளம் காண்பது ஒன்று. அதனுள் அடங்கிய சிற்றினங்களைப் பிரித்தறிவது வேறொன்று. டிரைக்கோகிரம்மாவைப் பொறுத்தவரை இரண்டாவது பணி நெடுங்காலம் இடர்ப்பாடு மிக்கதாகவே இருந்தது.

முற்கால அறிஞர்கள் உடல்நிறத்தைக் கொண்டு சிற்றினங்களைப் பிரித்தனர். ஆனால், ஒரே சிற்றினம் வெப்பமான சூழலில் வளர்ந்தால் மஞ்சளாகவும், குளிர்ந்த சூழலில் வளர்ந்தால் கருமை படர்ந்தும் தோன்றியது. உடலளவும் நம்பத்தக்கதாக இல்லை. பெரிய முட்டையில் வளர்ந்த குளவி பெரிதாகவும், சிறிய முட்டையில் வளர்ந்தது சிறிதாகவும் இருந்தது. சிறகும் கைகொடுக்கவில்லை. செம்ப்ளிடிஸ் என்னும் சிற்றினத்தின் ஆண், அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் சிறகுடனும், நீர்நிலையோரத்தில் வாழும் சியாலிஸ் என்னும் பூச்சியின் முட்டையில் வளர்ந்தால் சிறகின்றியும் தோன்றியது. ஒரே தாயின் மக்களை இரண்டு சிற்றினங்களாக எண்ணிவிடும் நிலை இதனால் ஏற்பட்டது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பதில் பெங்களூரில் நிகழ்ந்த ஆய்வு பெரும்பங்கு வகித்தது. அங்கிருந்த காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையத்தில் பணியாற்றிய சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா ஆகிய இருவரும் இரண்டு வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது வழி, உடற்கூற்றைச் சார்ந்தது. ஆண்குளவியின் இனப்பெருக்க உறுப்பு, உடல்நிறத்தைப் போலச் சூழலுக்கேற்ப மாறாமல், ஒவ்வொரு சிற்றினத்துக்கும் உரிய வடிவத்தைக் கொண்டுள்ளது. ஆண்குளவியைக் கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியால் நோக்கினால் அவ்வடிவ வேறுபாடு தெளிவாகப் புலப்படும். அறியப்பட்டிருந்த சிற்றினங்கள் பலவற்றை இவ்வடிப்படையில் மீண்டும் விளக்கி, 1971ஆம் ஆண்டில் அவர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

இரண்டாவது வழி, கலப்புச் சோதனை. ஐயத்திற்குரிய இரு கூட்டங்களில் ஒன்றிலிருந்து ஆணையும் மற்றொன்றிலிருந்து பெண்ணையும் ஒன்றாக வைத்தனர். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் மட்டுமே தோன்றும் என்பதை முன்னர்க் கண்டோம். எனவே, பிறக்கும் குளவிகள் அனைத்தும் ஆண்களாயின் கலப்பு நிகழவில்லை. பெண்களும் பிறந்தால் கலப்பு நிகழ்ந்துள்ளது. மகள்கள் பிறத்தலும் பிறவாமையுமே இங்குச் சான்றாக அமைந்தன.

இவ்வாய்வுகளின் பயனாக ஓர் உண்மை வெளிப்பட்டது. இந்திய வயல்களில் காணப்படுவதாகப் பழைய நூல்களில் எழுதப்பட்டிருந்த மினூட்டம், எவனெசென்ஸ் என்னும் பெயர்கள் பொருந்தாதவை. அப்பெயர்களால் குறிக்கப்பட்ட குளவிகள் பெரும்பாலும் வேறொரு சிற்றினத்தைச் சேர்ந்தவை. அதனை முதலில் ஆஸ்ட்ராலிக்கம் என்று அழைத்தனர். பின்னர், ஆஸ்திரேலியாவிலிருந்து அப்பெயரில் முதன்முதலில் விளக்கப்பட்ட குளவி இதுவன்று என்பது தெரியவந்தது. ஆகவே, இத்தாலிய அறிஞர் விஜ்ஜியானி 1976-இல் இதற்குக் கன்ஃபூசம் எனப் புதுப்பெயர் சூட்டினார். ‘குழப்பத்திற்கு உள்ளானது’ என்பது அதன் பொருள். அப்பெயரும் நிலைக்கவில்லை. ஜப்பானிய அறிஞர் இஷி 1941ஆம் ஆண்டிலேயே இதே குளவிக்குக் கைலோனிஸ் எனப் பெயரிட்டிருந்தார். ஓர் உயிரிக்கு முறைப்படி முதலில் இடப்பட்ட பெயரே உரியது என்பது விலங்குப் பெயரிடலின் பொதுவிதி. எனவே, டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்பதே இன்று வழங்கும் பெயராயிற்று.

கொல்கத்தாவும் குளவி ஆய்வும்

பெயர்களைச் சரிபார்ப்பதற்கு முன்னோர் எழுதியவை அனைத்தும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அப்பணியில் கொல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. இந்திய விலங்கியல் அளவைத்துறை 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இந்நகரில் நிறுவப்பெற்றது. இன்று அதன் தலைமையகம், கார்டன் ரீச்சிலிருந்து தொலைவில் இல்லாத நியூ அலிப்பூரில் அமைந்துள்ளது. நாட்டின் விலங்கு மாதிரிகள் இத்துறையின் தேசியத் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு சிற்றினத்துக்குப் பெயரிடும்போது, அப்பெயருக்குச் சான்றாக ஒரு மாதிரியைக் குறித்து வைப்பர். அது ‘வகைமாதிரி’ எனப்படும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால், நூலில் எழுதப்பட்ட சொல்லைக் காட்டிலும் அம்மாதிரியே முடிவான சான்றாகும்.

தமிழரான பூச்சியியல் அறிஞர் எம். எஸ். மணி, இந்தியாவின் கால்சிடாய்டியா குளவிகளுக்கு ஒரு பெயர்ப்பட்டியலைத் தொகுத்து 1938ஆம் ஆண்டில் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1989-இல், அவர் எழுதிய விரிவான நூலை இந்திய விலங்கியல் அளவைத்துறை இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்காக ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டமை நாம் எண்ணிப் போற்றத்தக்கது.

உழவர்க்குத் துணை

பெயர் சரியாக இருந்தால் என்ன, தவறாக இருந்தால் என்ன என்று நீங்கள் வினவலாம். அதற்கான விடை வயலில் உள்ளது.

தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் இடைக்கணுப்புழு பெருந்தீங்கு விளைக்கிறது. அது கரும்பின் கணுவிடைகளைத் துளைத்து உட்புகுந்துவிடும். அதன்பின் மேலே தெளிக்கும் பூச்சிக்கொல்லி மருந்து அதனைச் சென்றடைவது அரிது. எனவே, புழு தோன்றுவதற்கு முன்னர், முட்டைப் பருவத்திலேயே அதனை அழிப்பது சிறந்தது. அதற்கு உரியது டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். நெல்லைத் தாக்கும் தண்டுத் துளைப்பானின் முட்டைகளுக்கோ டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்னும் சிற்றினம் பரிந்துரைக்கப்படுகிறது. நெல் விளைச்சலில் முன்னிற்கும் மேற்கு வங்கத்துக்கும் இச்செய்தி இன்றியமையாதது. ஆய்வகத்தில் வளரும் குளவியின் இனம் தவறாகக் குறிக்கப்பட்டால், ஒரு பயிருக்குரிய குளவி மற்றொரு பயிருக்குச் சென்றுவிடக்கூடும். அதனால் ஏற்படும் இழப்பு, பெயரை எழுதியவருக்கு அன்று. ஆண்டு முழுவதும் உழைத்த உழவருக்கே.

இக்குளவிகளைப் பெருமளவில் வளர்க்கும் முறை எளியது. கார்சைரா என்னும் அரிசி அந்துப்பூச்சியைத் தானியத்தில் வளர்த்து, அதன் முட்டைகளைச் சேகரிப்பர். அம்முட்டைகளிலிருந்து புழு தோன்றாதவாறு புறஊதாக் கதிர் பாய்ச்சுவர். பின்னர், பசை தடவிய அட்டையில் முட்டைகளை ஒட்டி, குளவிகளிடம் விடுவர். குளவிகள் முட்டையிட்ட சில நாள்களில் அட்டை கருநிறமாகும். ஒரு கன சென்டிமீட்டர் அளவுள்ள முட்டைகள் ஏறத்தாழ 20,000 இருக்கும்.

குளவிகள் வெளிவருவதற்குச் சற்று முன்னர், அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வயலின் பல இடங்களில் இலைகளின் அடிப்புறத்தில் பொருத்துவர். இக்குளவி நெடுந்தொலைவு பறக்க வல்லதன்று. ஆதலால் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் பயன்தராது. கரும்பு நட்ட நான்காம் மாதம் தொடங்கி, 15 நாள்களுக்கு ஒருமுறையாக, ஆறு முறை, ஒவ்வொரு முறையும் எக்டேருக்கு 2.5 கன சென்டிமீட்டர் வீதம் விடவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்நாள்களில் வயலில் பூச்சிக்கொல்லி தெளித்தல் கூடாது. தெளித்தால், பகையோடு துணையும் அழியும்.

ஆகவே, உடற்கூறு, வகைப்பாடு, உழவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. உறுப்பின் வடிவத்தை நுணுகி நோக்கியவர்களால் இனம் தெளிவாயிற்று. இனம் தெளிவானதால் உழவர் கைக்கு உரிய துணை வந்து சேர்ந்தது.

சொல்லும் பொருளும்

ஓம்புயிரி – ஒட்டுண்ணிக்கு உணவும் இடமும் அளிக்கும் உயிரி
உணர்கொம்பு – பூச்சியின் தலையில் உள்ள உணர்வுறுப்பு
பேரினம் – நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி
வகைமாதிரி – ஓர் இனப்பெயருக்குச் சான்றாகப் பாதுகாக்கப்படும் உடல்
கணுவிடை – கரும்பில் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி
விழைதல் – விரும்புதல்

செய்து கற்போம்

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள கறிவேப்பிலை அல்லது எலுமிச்சைச் செடியின் தளிர்களை உருப்பெருக்கியால் நோக்குக. மஞ்சள் முட்டை எதனையேனும் கண்டால், அதனைத் தொடாமல், நாள்தோறும் அதன் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதுக. புழு பொரியும் நிலையிலும் முட்டையின் நிறம் சற்றே மங்கும். ஆகவே, கருமை பல நாள்கள் நீடிக்கிறதா, ஓட்டில் சிறு வட்டத் துளை தோன்றுகிறதா என்பவற்றையும் கண்டு எழுதுக.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. டிரைக்கோகிரம்மா என்னும் பெயரின் பொருள் யாது?
2. ஆண்குளவியையும் பெண்குளவியையும் உணர்கொம்பால் எவ்வாறு வேறுபடுத்துவாய்?
3. இந்திய விலங்கியல் அளவைத்துறை எந்நகரில், எவ்வாண்டில் நிறுவப்பெற்றது?

ஆ. காரணம் கூறுக.
1. உடல்நிறத்தைக் கொண்டு இக்குளவியின் சிற்றினங்களைப் பிரிக்க இயலவில்லை.
2. கன்ஃபூசம் என்னும் பெயர் நிலைக்கவில்லை.
3. இடைக்கணுப்புழுவை முட்டைப் பருவத்திலேயே அழிப்பது சிறந்தது.

இ. சேர்த்து எழுதுக.
1. கணு + காலி
2. முதன்மை + குறிப்பு
3. நுண்மை + நோக்கி

ஈ. சிந்தித்து எழுதுக.
கலப்புச் சோதனையில் பிறந்த 40 குளவிகளும் ஆண்களாகவே இருந்தன. இதிலிருந்து நீ அறிவது யாது? பாடத்தின் துணைகொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.